யானைக்குப் பின்னால் ரெண்டு பானை

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டுகிறேன். சென்ற மாதம் ஒரு விலங்குப் படப் புத்தகத்தைப் பிரித்தேன். யானை முதுகு காட்டி நிற்கும் பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விரலை வைத்தான். "சார், யானைக்குப் பின்னால ரெண்டு பானை!" திண்ணை முழுக்கச் சிரிப்பு. "அப்போ மானுக்கு?" என்று ஒருத்தி கேட்க, ஆளாளுக்கு வரி கட்டத் தொடங்கிவிட்டார்கள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அந்த வீட்டு ஆயா, "இதெல்லாம் ஒரு பாட்டாப்பா?" என்று என்னைக் கேட்டார்.

ஆயாவின் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். மிருகக்காட்சிசாலை விலங்குகளின் குண்டியைப் பற்றி எதுகை மோனையோடு, சிரிக்கச் சிரிக்க ஒரு படப் புத்தகம் தமிழில் வர வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான சொல்லும் மரபும் நம்மிடம் எப்போதோ சேர்ந்துவிட்டன. அச்சேறிய சிறார் இலக்கியம்தான் அவற்றை வாசலிலேயே நிறுத்திவைத்தது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, கழுதைக்கு விட்டை, யானைக்கு இலண்டம், குதிரைக்கு லத்தி, பறவைக்கு எச்சம். ஆடு மாடு உள்ள வீட்டுப் பிள்ளை இவற்றில் பாதியைப் பள்ளிக்கூடம் போகுமுன்பே கற்றுவிடுகிறது. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லச் சொன்ன தொல்காப்பியம், எச்சவியலில் அதையொட்டியே ஒரு விலக்கும் தருகிறது: வழக்கில் பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு உரையில் காட்டப்படும் உதாரணங்கள் ஆப்பி (பசுவின் சாணம்), யானை இலண்டம், ஆட்டுப் பிழுக்கை. இலக்கணமே விலங்கின் பின்பக்கத்துக்கு அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறது.

அச்சுப் புத்தகம் அந்தச் சீட்டைக் கிழித்த இடத்துக்கு நல்ல சாட்சி ஆப்பசைத்த குரங்கு. தச்சன் பாதி பிளந்து ஆப்பு வைத்துவிட்டுப் போன மரத்தில் குரங்கு ஏறி உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்குகிறது. வடமொழிப் பஞ்சதந்திரத்தில் பிளவுக்குள் சிக்கி நசுங்குவது அதன் விதை. அதனால்தான் குரங்கு சாகிறது. நம் பிள்ளைகள் கையில் கிடைக்கும் கதைகளில் சிக்குவது வால். திண்ணையில் இதைச் சொன்னபோது, "வாலு நசுங்குனா யாராவது சாவாங்களா சார்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கூச்சத்துக்காக ஒரு சொல்லை மாற்றினோம். கதையின் காரண காரியமே உடைந்துபோயிற்று.

இங்கே ஒரு கோடு போட்டாக வேண்டும். கி. ராஜநாராயணன் திரட்டிய பாலியல் நாட்டார் கதைகள் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்ற தலைப்பில் வந்தன, பொருத்தமான தலைப்பு. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை குண்டி என்றதும் சிரிப்பது வேறு சிரிப்பு. தனக்கும் ஒன்று இருக்கிறது, சாருக்கும் இருக்கிறது, யானைக்கும் இருக்கிறது என்று கண்டுபிடித்த சிரிப்பு அது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் நாம் செய்த தவறு.

பாரதியின் பாப்பா பாட்டு 1915இல் வந்தது. அதில் கோழியும் காக்கையும் பசுவும் நாயும் குதிரையும் அன்பு காட்டவும் உதவி செய்யவும் வருகின்றன. கவிமணி ஓசையை மென்மையாக்கினார். 1922இல் ராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா வேடிக்கையைப் பாட்டின் நடுவில் உட்காரவைத்தார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் உருவாக்கினார். இவர்கள் போட்ட பாதை இல்லாமல் இன்று எந்தச் சிறார் பாடலும் இல்லை. ஆனால் அந்தப் பாதையில் விலங்குகள் முகம் காட்டியே நடந்தன.

படப் புத்தகம் சென்னையில் புது வேகம் பெற்றது தொண்ணூறுகளில். 1994இல் தாரா, 1996இல் தூலிகா என்று பதிப்பகங்கள் தொடங்கின. தூலிகா வெளியிட்ட அசோக் ராஜகோபாலனின் 'கஜபதி குலபதி' யானைக்குச் சளி பிடித்துத் தும்மல் வருகிற கதை. யானைக்கும் உடம்பு உண்டு, அது சத்தம் போடும் என்பதைக் குழந்தை கொண்டாடும்படி அது சொன்னது. 2015இல் தொடங்கிய பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளமும், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்த தமிழக அரசின் வாசிப்பு இயக்கமும் புத்தகத்தைக் கிராமம் வரை சேர்த்திருக்கின்றன. வண்டி தயார். ஏற்ற வேண்டிய சரக்கில் இது ஒன்று குறைகிறது.

வெளியுலகில் இது பழகிய பாதை. ஜப்பானில் தாரோ கோமி எல்லா உயிரும் கழிக்கும் என்பதை மட்டுமே வைத்து 1977இல் ஒரு புத்தகம் செய்தார். ஜெர்மனியில் 1989இல் ஹோல்ஸ்வார்ட் எழுத, எர்ல்புரூக் வரைந்த கதையில், தலையில் விழுந்த சாணம் யாருடையது என்று ஓர் அகழெலி விலங்கு விலங்காகப் போய் விசாரிக்கிறது. ஒவ்வொரு விலங்கும் தன்னுடையதைப் போட்டுக் காட்டுகிறது. சிரித்து முடிக்கும்போது குழந்தை விலங்கியல் கற்றிருக்கிறது.

நமக்கான விலங்கியல் வண்டலூரில் இருக்கிறது. 1855இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் பால்ஃபர் தொடங்கிய விலங்குக்காட்சிச் சாலை, 1985இல் வண்டலூர்க் காட்டுக்கு இடம் மாறியது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் சுற்றுலா வேன் முதலில் போகிற இடம் அது. அங்கே நீர்யானை குட்டை வாலை விசிறிபோல் சுழற்றிச் சாணத்தை நாலாபுறமும் இறைக்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்க வேண்டும். குரங்கின் குண்டியில் காய்த்துப்போன திட்டுகள், கிளையில் உட்கார்ந்தபடியே அது தூங்குவதற்கான மெத்தை. புள்ளிமான் ஆபத்தென்றால் வாலைத் தூக்கி அடிப்பக்க வெள்ளையைக் காட்டி ஓடும். பின்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு காரணம் இருக்கிறது.

நான் கேட்கும் இந்தப் புத்தகத்தை மொழிபெயர்த்து வாங்க முடியாது. ஆங்கிலப் பாட்டு அடி முடிவில் ஒலி சேர்க்கும். தமிழ்க் காது சீரின் இரண்டாம் எழுத்தில் ஒலி தேடும். யானையும் பானையும் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். எதுகை என்ற பெயர் தெரியாமலே அந்தப் பையன் எதுகை போட்டான். படமும் அதற்கேற்ப அமைய வேண்டும்: இந்தப் பக்கம் பின்புறம் மட்டும், தாளைத் திருப்பினால் முகம். குழந்தை முதலில் ஊகிக்கட்டும், பிறகு சிரிக்கட்டும்.

எங்கள் பக்கத்து வேடந்தாங்கலை இதில் விடக் கூடாது. கொக்கும் நாரையும் போடும் எச்சம் ஏரி நீரில் கரைந்து வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்று கண்ட விவசாயிகள் பறவையைச் சுடவிடாமல் காத்தார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அந்த உரிமையை எழுத்தாகவே வாங்கினார்கள். பறவையின் பின்பக்கத்தை இந்த வட்டாரம் இருநூறு ஆண்டுக்கு முன்பே மதித்திருக்கிறது.

போன சனிக்கிழமை பிள்ளைகள் நோட்டில் பதினொரு வரி எழுதி வந்திருந்தார்கள். கொக்கு வரி மட்டும் பாதியில் நின்றது. "கொக்குக்குப் பின்னால எச்சம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தார்கள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிராமலே முடித்துவைத்தார்: "நம்ம களத்துல நெல்லு மிச்சம்."