பேயின் முறைப்பாடு: கணினி விளையாட்டுப் பேயும் தமிழ்ப் பேயும் – ஓர் ஒப்புநோக்கு

முன்னுரை

தமிழ் வழக்கில் பேயும் காற்றும் பிரியா இணை. 'காற்று கருப்பு அண்டிவிடும்' என்பது முதியோர் வாயில் இன்றும் வழங்கும் எச்சரிக்கை. கடுங்காற்றைப் பேய்க்காற்று என்கிறோம்; கானலைப் பேய்த்தேர் என்றனர் பண்டையோர். கண்ணுக்குப் புலப்படாதது, ஆயினும் உடலில் உறைப்பது என்னும் பொதுத்தன்மையே இவ்விணைப்புக்கு அடிப்படை எனலாம். ஆனால், சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடிக் கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில் விளையாடும் தமிழ்ச் சிறுவனுக்குப் பேய் என்றதும் நினைவுக்கு வருவது காற்றாக இருப்பதரிது. திரையில் மிதக்கும் வெண்ணிற உருண்டையாகவே இருக்கக்கூடும். இதனை மரபின் இழப்பு என்று கூறி அமைதல் எளிது. அவ்வுருண்டையையும் ஒரு பனுவலாகக் கொண்டு வாசிக்க இக்கட்டுரை முற்படுகிறது.

திரையில் தோன்றும் பேய்

நிண்டெண்டோ நிறுவனத்தின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' 1988ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. தாவித் தாவித் தடைகளைக் கடக்கும் இவ்விளையாட்டில்தான் 'பூ' என்னும் பேய் முதன்முதலாகத் தோன்றியது. ஜப்பானிய மொழியில் அதன் பெயர் 'தெரேசா'. அன்று முதல் அத்தொடரில் அது மீண்டும் மீண்டும் வருகின்றது. மாரியோ அதனை நோக்கினால் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கும். முதுகைக் காட்டினால் துரத்தும். இரவில் பின்னாலிருந்து குரல் கேட்டால் திரும்பிப் பாராதே என்பது நம்மவர் அறிவுரை. விளையாட்டிலோ திரும்பிப் பார்த்தலே பாதுகாப்பு. தமிழ்ச் சிறுவன் இங்கே தன் பாட்டியின் விதியைத் தலைகீழாகக் கற்கின்றான்.

2001இல் வெளிவந்த 'லூயிஜீஸ் மேன்ஷன்' இத்தலைகீழாக்கத்தை மேலும் நீட்டுகின்றது. அதில் கைவிளக்கின் ஒளியால் பேய்களைத் திகைக்கவைத்து, தூசு உறிஞ்சும் கருவியால் காற்றோடு இழுத்து அடைக்கின்றனர். நம் மரபில் காற்று பேயின் வடிவம். அங்கே அது பேயைப் பிடிக்கும் வலை.

முறையிடும் பேய்கள்

தமிழ்ப் பேயை வேறுபடுத்திக் காட்டுவது அச்சமன்று. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் நகைச்சுவைப் பாத்திரங்களே. பசியால் வாடுவதும் களத்தில் கூழ் அடுவதும் சிரிப்பை விளைவிப்பன. ஆயினும், 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் யாத்த அந்நூலில் 'பேய் முறைப்பாடு' என்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. பேய்கள் காளியின் முன் நின்று தம் பசியை முறையிடுகின்றன. நகைப்புக்குரிய பேய்க்கும் தன் குறையைச் சொல்ல ஓர் அவையும், கேட்க ஒரு தலைவியும் உள்ளமை கருதத்தக்கது.

பழையனூர் நீலியின் கதையில் இம்முறைப்பாடு வழக்காகவே மாறுகின்றது. கணவனால் கொலையுண்டவள், மறுபிறவி எடுத்த அவனைத் தொடர்ந்து வந்து ஊரவையில் நீதி கோருகின்றாள். அவனுக்கு உயிர்ப்பிணை அளித்த வேளாளர் எழுபதின்மரும் தீயில் இறங்கினர் என்பது வரலாறு. 1943இல் வெளியான புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் முறைப்பாடு வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. நள்ளிரவில் எழும் நாற்றமாகவே வீட்டுக்குள் நுழைகின்றது. அங்கும் பேய் காற்றில்தான் வருகின்றது.

மறைக்கப்பட்ட முறைப்பாடு

இவ்வகையில் 'பூ' குறையற்ற, ஆதலால் கதையற்ற பேய் என முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அதன் பிறப்பு வேறொன்றைக் கூறுகின்றது. விளையாட்டை உருவாக்கியோருள் ஒருவரான தகாஷி தெசுக்காவின் மனைவி இயல்பில் அமைதியானவர். கணவர் எந்நேரமும் பணியிலேயே கழிப்பது கண்டு ஒருநாள் வெகுண்டெழுந்தார். அந்நிகழ்ச்சியே இப்பேய்க்கு வித்திட்டது என்பதை ஷிகேரு மியாமோட்டோ வெளிப்படுத்தியுள்ளார். ஆக, நோக்கினால் நாணி நிற்பதும் புறக்கணித்தால் சினந்து வருவதும் வெறும் விளையாட்டு விதியல்ல. கவனிக்கப்படாத ஒரு பெண்ணின் முறைப்பாடு. நீலிக்குக் கிடைத்த அவை அவருக்குக் கிடைக்கவில்லை. அவரது சினம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, காரணம் களையப்பட்டது. விளையாட்டுக்குக் கதை தேவையில்லை என்பார் கூற்றில் உண்மையுண்டு. எனினும், காரணம் களையப்பட்ட சினமே 'பகை' எனப் பெயர் பெறுகின்றது என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

புக்கிட் பாத்தோக்கின் பெயருக்கு 'இருமல்' என்னும் பொருளைக் காட்டுவோர் உளர். குன்றின் குளிர்காற்று தந்த இருமல் என்றும், கல்லுடைக்க வைத்த வெடியின் ஓசையே இருமல் என்றும் இருவகையாக விளக்குவர். அக்குன்றின் மேல் 1942இல் போர்க்கைதிகளைக் கொண்டு ஜப்பானியர் எழுப்பிய நினைவுத்தூண் 1945இல் அழிக்கப்பட்டது. படிக்கட்டுகள் எஞ்சியுள்ளன. கதை அறியாதவனுக்கு அங்கே வீசுவது காற்று மட்டுமே.

ஆகவே தமிழாசிரியர்கள் இவ்விளையாட்டுகளை வகுப்பறைக்கு வெளியே தள்ளவேண்டுவதில்லை. 'இந்தப் பேயின் குறை என்ன?' என்று மாணவரைக் கேட்டு எழுதச் செய்யலாம். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் நீலியையும் பரணியையும் நோக்கி இரண்டடி எடுத்து வைத்தவனாவான்.