மாதக் கடைசிப் பட்டியல்

மாதம் முடிகிற கையோடு இண்டி இசை ரசிகர்கள் பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த மாதம் வெளிவந்ததில் பிடித்தவை பத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. பெரிய இசை நிறுவனங்களின் விளம்பரக் காசு எட்டிப்பார்க்காத இசைக்கு இவர்கள்தாம் தண்டோரா போடுகிறார்கள். போடட்டும். அதை மாதக் கணக்கில் போடுவது சரிதானா என்பதில்தான் எனக்குப் பலத்த சந்தேகம்.

பயனை முதலில் சொல்லிவிடலாம். 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி தருவதில்லை. இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் டிஜிட்டல் ஆல்பத்தை விலைக்கு வாங்கினால் தளத்தின் பங்கு 15 சதவீதம். 2020 மார்ச்சில் தொடங்கிய, 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று அறிவிக்கப்படும் சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. ஆக, பட்டியலைப் பார்த்து முப்பது பேர் ஸ்பாட்டிஃபையில் கேட்டுவிட்டுப் போனால் கலைஞர் கைக்கு ஒன்றும் வராது. மூன்று பேர் வாங்கினால் கிடார் கம்பி வாங்கவாவது ஆகும். இன்னொரு பயனும் உண்டு. அல்காரிதம் நாம் ஏற்கெனவே கேட்டதை வைத்தே அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. ரசிகருக்கோ கிறுக்கு உண்டு. மெல்லிய கிடார் பாட்டுக்குப் பக்கத்திலேயே காதைக் கிழிக்கும் இரைச்சலையும் வைப்பார். அந்தக் கிறுக்குக்காகவே நான் இந்தப் பட்டியல்களைத் தேடிப் படிக்கிறேன்.

கோளாறு காலண்டரில் இருக்கிறது. சிண்டி லீ என்ற பெயரில் பாடும் கனடாக்காரர் பேட்ரிக் ஃபிளெகல், 'டயமண்ட் ஜூபிலி' ஆல்பத்தை வெளியிட்டது 2024 மார்ச் 29 அன்று. 32 பாட்டு, இரண்டு மணி நேரம். அப்போது ஸ்பாட்டிஃபையில் கிடையாது. யூடியூபில் ஒரே நீளத் துண்டாகக் கேட்கலாம். இல்லாவிட்டால் ஜியோசிட்டீஸ் காலத்துப் பழைய இணையப் பாணியில் இருந்த ஒரு பக்கத்துக்குப் போய் இறக்கிக்கொள்ளலாம். மார்ச் பட்டியல்காரருக்கு மிச்சம் இருந்தது இரண்டே நாள். ஏப்ரல் பட்டியலிலோ அது போன மாதச் சரக்கு. வாய்வழியாகப் பரவியதாலும், இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் ஏப்ரலில் பத்துக்கு 9.1 மதிப்பெண் போட்டதாலும் அது கவனம் பெற்றது. மாதக் கடைசியில் வந்து, மதிப்பெண் போட ஆளும் இல்லாத ஆல்பங்களின் கதி?

1999 செப்டம்பரில் வந்த 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆல்பம் இன்னும் சங்கடமான கேஸ். இல்லினாய் மாநிலத்துக் கல்லூரித் தோழர்கள் மூவர் சேர்ந்து செய்தது. வெளிவந்த கொஞ்ச நாளில் குழுவே கலைந்தது. இரண்டு கிடார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓட, டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டீவ் லாமோஸே இடையில் டிரம்பெட்டும் ஊதியிருப்பார். முதல் தடவை கேட்கையில் எல்லாம் ஒரே பாட்டு போலத்தான் இருக்கும். நாலைந்து தடவைக்குப் பிறகே தாளக்கட்டு பிடிபடும். ரசிகர்கள் இணையத்தில் மெல்ல மெல்லக் கைமாற்றியதில், 2014இல் ஆல்பம் மறுவெளியீடு கண்டது. குழுவும் மறுபடி சேர்ந்தது. (அட்டையில் இருக்கும் அர்பானா நகரத்து வீட்டை இன்றும் தேடிப் போய்ப் படமெடுக்கிறார்கள்.) 1999 செப்டம்பர் பட்டியலில் இது எத்தனையாவது இடத்தில் இருந்திருக்கும்?

அவசரம் எழுத்தையும் கெடுக்கிறது. ஷூகேஸ், டிரீம் பாப், பெட்ரூம் பாப் என்று இசைவகை லேபிள் ஒட்டி, நமக்குத் தெரியாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுவிட்டால் நாலு வரி நிரம்பிவிடும். எந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்பது வராது. குறையும் வராது. படுக்கையறையில் தனியாக உட்கார்ந்து பதிவு செய்தவரை வெளுத்து வாங்குவது அழகல்ல என்பது நியாயம்தான். ஆனாலும், பிடித்த ஆல்பத்திலேயே பிற்பாதி தொய்கிறது என்று எழுதுவதில் என்ன குற்றம்? அப்படி எழுதுகிறவர் பாராட்டும்போதுதான் எனக்குக் காசு கொடுத்து வாங்கத் தோன்றுகிறது.

பத்தை எட்டாகக் குறைக்கலாம். மிச்சமுள்ள இரண்டு இடத்தில், ஆறு மாதம் முன்பு புகழ்ந்ததில் இன்னமும் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்று, அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காதது ஒன்று. இரண்டாவதற்குத்தான் நாலு வரி போதாது.