புனைவில் இடம்: ‘ஒரு புளியமரத்தின் கதை’யை முன்வைத்து

புனைகதையில் இடம் என்பது நிகழ்ச்சிகள் நடக்கும் களம் மட்டுமல்ல. மனிதர்கள் எதை விரும்புவார்கள், எதன்பொருட்டு மோதிக்கொள்வார்கள் என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்று. சுந்தர ராமசாமியின் முதல் நாவலான ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) இதற்குத் தமிழில் சிறந்த சான்று.

மரபும் நாவலும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. நிலத்தை அலங்காரமாகக் கருதாத மரபு நம்முடையது. ஆனால் திணைக் கவிதையின் நிலம் ஒரு வகைமாதிரி. அதில் வரும் மலை எந்த மலையாகவும் இருக்கலாம். நாவலுக்கு அது போதாது. நாவலின் நிலத்துக்குப் பெயர் வேண்டும், விலை வேண்டும், உரிமை கொண்டாட ஆட்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது காலத்தில் மாற வேண்டும்.

இடம் மாறும் விதம்

இந்நாவலின் களம் நாகர்கோவிலின் சாயல்கொண்ட ஒரு நகரம். திருவிதாங்கூர் மன்னராட்சியில் தொடங்கி சுதந்திரத்துக்குப் பிந்தைய நகராட்சி அரசியல் வரை கதை செல்கிறது. புளியமரத்தைச் சுற்றியிருந்த குளம் மன்னரின் வருகையை ஒட்டித் தூர்க்கப்படுகிறது. காற்றாடி மரத்தோப்பு அழிக்கப்பட்டுப் பூங்காவாகிறது. மரத்தடி கடைத்தெருவாகிறது. நிழலாக இருந்த இடம் வணிக மதிப்புள்ள இடமாகிவிடுகிறது. அதன்பிறகே அங்கே போட்டியும் பகையும் முளைக்கின்றன. மரம் எதையும் செய்வதில்லை, நின்றுகொண்டிருக்கிறது. மனிதர்களின் ஆசைகள்தான் அதன்மேல் வந்து மோதுகின்றன. கடைசியில் அது நஞ்சிட்டுக் கொல்லப்படுகிறது.

இதில் நீண்ட இயற்கை வருணனைகள் குறைவு. பழைய ஊரை நாம் தாமோதர ஆசானின் வாய்மொழி வழியாகவே அறிகிறோம். ஆசான் கதைகளில் உண்மை எது, புளுகு எது என்று பிரிக்க முடியாது. ஓர் ஊர் தன்னைப் பற்றி நம்பும் கதைகளும் அந்த ஊரின் பகுதியே என்பதை நாவல் இவ்வாறு காட்டுகிறது.

குறை

பிற்பகுதியில் தேர்தலும் கட்சியரசியலும் முன்னால் வரும்போது மரம் மெல்லக் குறியீடாகிறது. அதற்கேற்ப அங்கதம் கூடுகிறது, ஊரின் மணம் குறைகிறது. முற்பகுதியில் காலில் ஒட்டிய மண் பிற்பகுதியில் ஒட்டுவதில்லை.

வட்டார எழுத்துக்கு ஒரு பாடம்

வட்டாரச் சொற்களையும் உணவுப் பெயர்களையும் தெருப்பெயர்களையும் அடுக்கினால் இடம் உருவாகிவிடும் என்ற நம்பிக்கை பின்னர் பரவலானது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) போன்ற ஆக்கங்களில் வட்டாரச் சொல் உயிரோடிருக்கக் காரணம், அங்கே காடழித்துக் குடியேறிய ஒரு மக்கள்கூட்டத்தின் வரலாறு அச்சொல்லுக்குப் பின்னால் இருப்பது. அந்த வரலாறு இல்லாத இடத்தில் சொற்கள் கண்காட்சிப் பொருட்களாகவே எஞ்சுகின்றன.

ஒரு கதையை இன்னோர் ஊருக்குப் பெயர்த்து வைத்துப் பார்க்கலாம். எதுவும் மாறவில்லை என்றால் அதில் இடம் இல்லை, இடத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. புளியமரத்தின் கதையை அப்படிப் பெயர்த்து வைக்க முடியாது. மரம் போன பிறகும் அந்தச் சந்திப்புக்கு மரத்தின் பெயரே நிலைத்துவிடுகிறது. இழந்ததை ஓர் ஊர் தன் பெயரில் சுமந்துகொண்டிருப்பதை இந்நாவல் தமிழில் அழுத்தமாகச் சொன்னது.