பரணில் கிடப்பது சிக்கனம் ஆகாது

‘எதையும் தூக்கிப் போடாதே, ஒருநாள் உதவும்’ என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். ஐஸ்கிரீம் டப்பாவில் தோசை மாவு, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம் பருப்பு, கிழிந்த வேட்டியில் தூசி தட்டும் துணி என்று அந்தச் சட்டம் தலைமுறைகளாக நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக்கைப் பற்றிய கவலை பெருகியதிலிருந்து, வறுமையோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட இந்தப் பழக்கத்துக்குப் பெருமையும் வந்துவிட்டது. அந்தப் பெருமையில் பாதிதான் நியாயமானது. பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவதன் பலனை ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்: அதனால் எந்தப் புதுப்பொருளை வாங்காமல் விட்டோம்? இதற்குப் பதில் இருந்தால் அது சிக்கனம். பதில் இல்லையென்றால், குப்பை தெருவுக்குப் போகும் நாளைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த அளவுகோலில் முழு மதிப்பெண் பெறுவது பழைய நூல் சேலை. கட்டி நைந்த பிறகு குழந்தைக்குத் தூளியாகிறது. பிறகு கிழிபட்டு அணையாடையாகிறது. அதன்பின் அடுப்படியில் கரித்துணி, கடைசியில் வாசலில் மிதியடி. ஒவ்வொரு படியிலும் ஒரு புதுப்பொருளின் இடத்தை அது நிரப்புகிறது. மிச்சமும் மண்ணில் மக்கிப்போகிறது. வீட்டுக்கு வெளியேயும் இதே சங்கிலி நீள்கிறது. மிக்ஸி மோட்டார் எரிந்தால் காயில் கட்டித் தருபவர், ஜாருக்குப் புஷ் மாற்றி பிளேடுக்குச் சாணை பிடிப்பவர், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், பேப்பரையும் இரும்பையும் எடைக்கு எடுக்கும் பழைய பேப்பர் கடைக்காரர் ஆகியோரின் தொழில்தான் நம் சிக்கனத்தின் முதுகெலும்பு. இவர்களால்தான் ஒரு வீட்டில் கழித்தது இன்னொரு இடத்தில் முதலாகிறது. ஆனால் இந்தச் சங்கிலி பொருளின் தன்மையை நம்பியே நிற்கிறது. பாலியெஸ்டர் சேலை தண்ணீரை உறிஞ்சாது, கரித்துணிக்குக்கூட உதவாது. நான்ஸ்டிக் சட்டியின் பூச்சு உரிந்தால், ஈயம் பூசுவதுபோல் தெருவில் வைத்து மறுபடி பூசித் தர ஆளில்லை. வாங்கும் நேரத்திலேயே மறுபயன்பாட்டின் தலைவிதி பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது.

சேர்த்து வைப்பதையே சிக்கனமாக எண்ணும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. துணிப்பையை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது; 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. நோக்கம் சரியானது. அதே சமயம், பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, ஒருமுறை பயன்படுத்திய சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டது. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் அவ்வளவு நீரும் எரிபொருளும் தேவை. ‘அந்தக் கணக்கில் சாக்கடையை அடைக்கும் பையும், மாட்டின் வயிற்றில் சேரும் பையும் வரவில்லையே’ என்று கேட்பார்கள். நியாயமான மறுப்புதான், ஆகவே துணிப்பையே நல்லது. ஆனால் எந்தத் துணிப்பை? தினமும் காய்கறிக் கடைக்குப் போய்வரும் ஒரு பை 131-ஐ ஆறே மாதத்தில் தாண்டிவிடும். ஒவ்வொரு கல்யாணத்திலும் தாம்பூலத்தோடு கைக்கு வந்து பீரோ ஓரத்தில் மடிந்து கிடக்கும் முப்பது பைகள் ஒருபோதும் தாண்டா. டப்பாக்களின் கதையும் இதுவே. முதல் ஐந்து டப்பாக்கள் கடையில் வாங்க வேண்டிய டப்பாக்களை மிச்சப்படுத்தின. மூடி தொலைந்த அடுத்த இருபது, பரணை மட்டுமே நிரப்பின.

உடம்பைக் கெடுக்கும் சிக்கனமும் உண்டு. வடை சுட்ட எண்ணெயை மறுநாள் பூரிக்கும், அதற்கடுத்த நாள் தாளிப்புக்கும் எடுப்பது பல அடுப்படிகளில் வழக்கம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கேடான சேர்மங்களுக்கு 25 சதவீதம் என்ற வரம்பை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. ஓட்டலில் அதை அளக்க ஆளுண்டு, வீட்டில் இல்லை. செய்தித்தாளில் பஜ்ஜியை வைத்து எண்ணெய் வடிப்பதையும் அதே ஆணையம், மையிலுள்ள ரசாயனங்களைச் சுட்டி எச்சரித்திருக்கிறது. வாயில் போகும் எதற்கும் ‘வீணாக்காதே’ என்ற விதி இரண்டாவதாகத்தான் வர வேண்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது. பால் பாக்கெட்டைக் கழுவி, காயவைத்து, அடுக்கி வைக்கும் வேலை யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில். குப்பையாகும் பொருளைத் தயாரித்து லாபம் பார்த்த நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள, அவள் மட்டும் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? ஏற்கத் தேவையில்லை என்பதற்கு நீலகிரியில் ஓர் உதாரணம் இருக்கிறது. காட்டில் வீசப்படும் மதுபாட்டில்கள் விலங்குகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடும் முறை தொடங்கியது. உபதேசத்தால் ஆகாததைப் பத்து ரூபாய் செய்தது. அதற்காக ‘அரசும் கம்பெனியும் மாறட்டும், அதுவரை நமக்கென்ன’ என்று இருந்துவிடவும் முடியாது. நம் ஊர்க் குப்பையில் எடையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான். அது பெரும்பாலும் வீட்டில் உருவாவது. எந்தக் கம்பெனியும் வந்து திரும்ப எடுத்துக்கொள்ளாது. நூறு டப்பாவைச் சேர்த்து வைத்திருக்கும் வீடு அழுகும் குப்பையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் போடுமானால், அங்கே சிக்கனம் இடம் மாறி நடக்கிறது என்றே பொருள்.

ஆகவே மறுபயன்பாடு வேண்டும், சேகரிப்பு வேண்டாம். ஒரு வருடமாகத் தொடாத டப்பாவும் வயரும் பழைய சார்ஜரும் இன்னும் ‘உதவும்’ என்று காத்திருக்க வேண்டாம். மின்பொருளை மட்டும் தனியாகப் பிரித்து, உரிய சேகரிப்பாளரிடம் கொடுங்கள், மற்றதை எடைக்குப் போடுங்கள். அடுத்த மிக்ஸியை வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன், உதிரிபாகம் கிடைக்குமா, பக்கத்துக் கடையில் பழுது பார்ப்பார்களா என்று கேளுங்கள். கல்யாண வீட்டில் முப்பத்தோராவது பையை நீட்டினால், தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.