நாரை பறந்த காரணம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். கதை எழுதுகிறவனுக்கும் புகைப்படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "உங்களுக்கு ரசனை இருக்கிறதே, அது போதும்" என்றார்கள். இந்த வார்த்தைக்கு மயங்காத எழுத்தாளன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

கண்காட்சியின் பொருள், குளிர்காலத்து ஏரிப் பறவைகள். சுவர் முழுவதும் படங்கள். முதல் பரிசு எதற்கு என்று தீர்மானிக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. காலை வெயில், தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள், அவற்றிலிருந்து மஞ்சள்மூக்கு நாரைகள் கூட்டம் கூட்டமாக ஒரே சமயத்தில் எழும்புகின்றன. வானம் முழுவதும் இறக்கை. கறுப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு பெரிய கலகலப்பு. "சுதந்திரத்தின் சித்திரம்" என்று தீர்ப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த வார்த்தைகளுக்காக இன்றைக்கு வெட்கப்படுகிறேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அடுத்த ஜனவரியில் வேடந்தாங்கலுக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். பெரிய ஏரி அல்ல. சாதாரணப் பாசன ஏரிதான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்புகிறது. ஏரிக்குள்ளேயே நிற்கும் கடப்ப மரங்களில் நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையும் நரியும் கூட்டை நெருங்க முடியாது. பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகிறது. இந்தக் கணக்கு ஊராருக்கு வெகு காலமாகத் தெரியும். துப்பாக்கிக்காரர்களிடமிருந்து பறவைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்கள் முறையிட்டு, 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றார்கள். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் இது. 2022-இல் இந்த ஏரி ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது; ஊரார் அதற்கு இருநூறு வருஷம் முந்திக்கொண்டுவிட்டார்கள்.

கரைமேல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். விவசாயி. பேச்சு வளர்ந்தது. கண்காட்சியின் அச்சுப் புத்தகம் என் பையில் இருந்தது. முதல் பரிசு வாங்கிய படத்தை, கொஞ்சம் பெருமையோடுதான், அவரிடம் காட்டினேன். அது வேறோர் ஏரியில் எடுத்த படம்.

வெகு நேரம் பார்த்தார். பிறகு, "யாரோ கிளப்பி விட்டிருக்காங்க சார்" என்றார்.

"எப்படிச் சொல்கிறீர்கள் பெரியவரே?"

"கூட்டுல குஞ்சு கெடக்குது பாருங்க. தாயும் இல்லே, தகப்பனும் இல்லே. குஞ்சை வெயில்ல போட்டுட்டு ரெண்டும் சேர்ந்து பறக்குமா? ஒண்ணு வந்தாத்தானே ஒண்ணு போகும்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். படத்தின் கீழ்ப்பகுதியில், மரக்கிளைகளுக்கு நடுவே, வெள்ளைப் பஞ்சு மாதிரி சில தலைகள். ஐந்து நிமிஷத்தில் பரிசு கொடுத்தவன் கண்ணில் அவை படவே இல்லை. இன்னொன்றையும் அவர் காட்டினார். இரை தேடப் போகிற நாரைகள் ஒரு திக்கைப் பார்த்துப் போகும். படத்தில் உள்ளவை எட்டுத் திக்கிலும் சிதறிக்கொண்டிருந்தன. எங்கே போவது என்று தெரியாதவை அவை. பயந்தவை.

எதிரே இருந்த மரத்தில் ஒரு நாரை தன் இறக்கைகளைக் குடை போல விரித்து நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் குஞ்சுகள். உச்சி வெயிலில் அப்படியே நிற்கும் என்றார் பெரியவர். அந்தக் குடை பத்து நிமிஷம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சற்றுத் தள்ளிக் காகங்கள் காத்திருந்தன.

ஊர் திரும்பியதும் படம் எடுத்த இளைஞருக்குக் கடிதம் எழுதினேன். ஒளிக்காமல் பதில் எழுதினார். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் பறவைகள் "ஒன்றும் செய்யாமல்" உட்கார்ந்திருந்தனவாம். கரையில் கிடந்த தகரத்தை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாராம். அதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? நான் பரிசு அல்லவா கொடுத்திருக்கிறேன்!

படம் அழகாக இருக்கிறதா என்பதுதானே கேள்வி, எடுத்த விதத்தைப் பற்றி விமரிசகனுக்கு என்ன என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. நாவலைப் பற்றிப் பேசும்போது நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நாவல், "இது நடந்தது" என்று சத்தியம் செய்வதில்லை. காட்டுப் பறவையின் படம் சத்தியம் செய்கிறது. "நீங்கள் இல்லாதபோதும் இந்த ஏரியில் இப்படித்தான் நடக்கும்" என்பதே அது சொல்கிற சேதி. தகரம் தட்டி எடுத்த படம் அந்தச் சேதியைச் சொல்ல முடியாது. அதில் இருப்பது நாரையின் வாழ்க்கை அல்ல. தகரம் தட்டியவரின் அவசரம். ஆகவே அது தர்மத்தில் மட்டும் தவறிய படம் அல்ல, படமாகவும் பொய்த்துப்போன படம்.

இந்தக் கலையின் முன்னோர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், ரிச்சர்டும் செர்ரியும், 1892-இல் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார்கள். பிறகு பறவைகளை நெருங்குவதற்காகப் பொய்க்காளை ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெரிய கொள்கை இருக்கிறது: மனிதன் தன்னை இல்லாமல் ஆக்கிக்கொண்டால்தான் பறவை பறவையாக இருக்கும். எரிக் ஹாஸ்கிங் 1937-இல் ஓர் ஆந்தையைப் படம் எடுக்கப் போய், அதன் நகம் பட்டு இடது கண்ணை இழந்தார். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடு பல பத்தாண்டுகள் பறவைகளைப் படம் எடுத்தார். கூட்டருகே போகிறவன் எதன் எல்லைக்குள் கால் வைக்கிறான் என்பதை அவரைவிட அதிக விலை கொடுத்துத் தெரிந்துகொண்டவர் யார்?

நம்மிடையே மா. கிருஷ்ணன் இருந்தார். நாவலாசிரியர் மாதவையாவின் மகன்; 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு பெரிய கருவியால் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். அவருடைய யானைப் படங்களைப் பாருங்கள். யானை இருக்கும், அது நிற்கிற காடும் இருக்கும். அந்த யானை அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியும். படம் எடுப்பவர் எழுதவும் தெரிந்தவர், அதற்கும் மேலாகப் பார்க்கத் தெரிந்தவர் என்பது ஒவ்வொன்றிலும் விளங்கும்.

இன்று காமிரா ஒரு நொடியில் இருபது படம் எடுக்கிறது. தூரத்துப் பறவையின் கண்மணியைக்கூட லென்ஸ் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது. பின்னால் இருப்பதெல்லாம் பச்சைப் பாகு மாதிரி கரைந்துபோகிறது. இப்படிப்பட்ட படங்கள் அந்தக் கண்காட்சியில் பாதிக்கு மேல் இருந்தன. இறகு ஒவ்வொன்றும் எண்ணிவிடும்படி தெளிவு. ஆனால் பறவை நிற்பது ஏரியிலா, மிருகக்காட்சிச் சாலையிலா என்று சொல்ல முடியாது. இடத்தை அழித்துவிட்டுப் பறவையை மட்டும் காட்டுவது ஒரு நேர்த்தியான கூண்டு. பாத்திரத்தின் முகத்தை மட்டும் மூன்று பக்கம் வர்ணித்துவிட்டு, அவள் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்பதைச் சொல்லாமல் விடுகிற கதாசிரியர்களின் வேலை இதுதான். அந்தத் தப்பை நானும் செய்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அதே கண்காட்சியில் ஒரு பெண்மணி எடுத்த படம் ஒன்று இருந்தது. மங்கிய மாலை. மரத்தை நோக்கி வரிசையாகத் திரும்பி வரும் கொக்குகள். அதே மரத்திலிருந்து எதிர்த்திசையில் கிளம்பும் இரண்டு மூன்று கறுத்த உருவங்கள். "வெளிச்சம் போதவில்லை" என்று குறிப்பு எழுதி ஒதுக்கிவிட்டேன்.

வேடந்தாங்கல் கரையில் அன்று சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் படம் எனக்கு விளங்கிற்று. பகலெல்லாம் இரை தேடிய பறவைகள் திரும்பி வருகிற நேரத்தில், பகலெல்லாம் கிளையில் தூங்கிய வக்கா, இராக்கொக்கு என்கிறோமே அது, வேலைக்குக் கிளம்புகிறது. ஆலையில் ஷிப்டு மாறுகிற மாதிரி ஒரு மரத்தில் இரண்டு உலகங்கள் இடம் மாற்றிக்கொள்கின்றன. அது வெளிச்சம் போன பிறகு நடக்கிற சம்பவம். வெளிச்சம் போதாததுதான் அந்தப் படத்தின் பொருளே. அதை எடுக்க எத்தனை மாலைகள் அந்த அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்! ஒரு பறவையும் அவருக்காகத் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

ரசனை மட்டும் போதும் என்று என்னை அழைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போதும் என்று நம்பியவன் நான். அழகு கண்ணுக்குத் தெரிந்தது. நாரை ஏன் பறந்தது என்பது தெரியவில்லை. தெரியாத பொருளைப் பற்றி ரசனை சொல்லும் தீர்ப்பு, தகரத்தை விடக் கெடுதல் செய்யும். தகரம் ஒரு காலையில் ஒரு ஏரியைத்தான் கலைக்கும். பரிசோ, இன்னும் பத்துப் பேர் கையில் தகரத்தைக் கொடுத்துவிடும்.

இனி யாராவது என்னை நடுவராகக் கூப்பிட்டால் ஒரு நிபந்தனை விதிப்பதாக இருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் அந்தப் பெரியவர் உட்கார வேண்டும்.