கல்லிற் பதிந்த கடற்சட்டம்

கல்வெட்டென்றால் மன்னர் புகழும் கோயிற் கொடையும் என்றே மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிற் சாசனம் வேறு வகையது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது, பேசுவதோ தமிழ். துறைமுகத்தில் வழங்கிய மொழியிலேயே அரசு பேசிற்று. மொழியை இனப்பகையின் எல்லைக்கோடாக்குவோர் இதனைச் சற்று நின்று படிக்கட்டும்.

பரதேசி வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூடவேண்டும். அவர்க்குக் காவல் வேண்டும் என்கிறது சாசனம். அடுத்து உடைந்த மரக்கலங்களின் கணக்கு. யானை, குதிரை கொணர்ந்த கலம் கெட்டால் அரச பண்டாரத்துக்குக் காற்பங்கு, உடையவனுக்கு முக்காற்பங்கு. சரக்குக் கலமாயின் இருவர்க்கும் சரிபாதி. இவ்வேறுபாடு ஏன்? யானை குதிரைமீது தனக்குள்ள விருப்பத்தையே மன்னன் காரணமாகக் காட்டுகிறான். அவ்விருப்பம் படையின் தேவையன்றி வேறென்ன? இதனைக் கருணை என்று போற்ற நாம் ஒருப்படோம். ஆயினும் புயலில் ஒதுங்கிய கலத்தின் பொருள் முழுவதையும் முன்னைய மன்னர் பறித்தனர் என்று காகதீய கணபதிதேவனின் 13ஆம் நூற்றாண்டு மோட்டுப்பள்ளிச் சாசனம் கூறுவதை நோக்க, பாதி மீள்வதும் வணிகனுக்கு ஆதாயமே.

சிகிரிக் கண்ணாடிச் சுவரில் வழிச்சென்றோர், பெண்கள் உட்பட, தம் பாக்களைக் கீறினர். 685 பாக்களைப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். நயினாதீவுக் கல்லில் அத்தகைய குரல் இல்லை. பாய் கட்டியவனைப் பற்றி எஞ்சிய வாசகம் வாய் திறப்பதில்லை. எனினும் உவமையும் அணியும் இன்றி, பங்கும் அளவுமாக நடக்கும் அவ்வுரைநடை வகுப்பறைக்கு உரியது. கா. இந்திரபாலா 1963இல் அதனைப் பதிப்பித்தார். கல்லைக் காணவோ குறிகட்டுவானிற் படகேறினாற் போதும்.