நூதனசாலையில் நகைப்பு: ஜேம்ஸ்டவுண் நகைச்சுவை நிலையத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

நகைப்பு சமூக இருப்பிலிருந்து பிறப்பது என்பதை இன்று மறுப்போர் அரியர். ஆயின் அது எந்நிலையில் ஆவணமாகின்றது, ஆவணமான பின் அதன் சமூகப் பணி யாதாகின்றது என்னும் வினா எமது விமரிசனத்துறையில் அதிகம் எழுப்பப்பட்டதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்தார். அதன் நிலைக்களன்களுள் எள்ளலை முதற்கண் கூறினார். எள்ளுதற்கு எள்ளப்படுவோர் வேண்டும். யார் யாரை எள்ளலாம் என வரையறுக்கும் அதிகார உறவுகளும் உடனிருக்கும். அவ்வுறவுகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டவியலுமா? ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஜேம்ஸ்டவுண் என்னும் சிறுநகரில், 2018 ஓகஸ்டில் திறக்கப்பட்ட தேசிய நகைச்சுவை நிலையத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய முற்படுகின்றோம்.

இந்நிலையம் ஜேம்ஸ்டவுணில் அமைந்தமைக்குக் கூறப்படும் காரணம், தொலைக்காட்சி நகைச்சுவையின் முன்னோடியான லூசில் போல் 1911 இல் அங்கு பிறந்தார் என்பதாகும். இக்காரணம் மெய்யே, ஆயினும் போதாது. தளபாட உற்பத்தியாற் பெயர்பெற்றிருந்த தொழில் நகரம் அது. சுவீடனிலிருந்து புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர் பலர் அத்தொழிற்சாலைகளில் உழைத்தனர். மூலதனம் இலாபம் மிகுந்த இடங்களை நாடிச் சென்றபோது, அமெரிக்க வடகிழக்கின் ஏனைய தொழில் நகரங்கள் அடைந்த கதியையே இதுவும் அடைந்தது. மரத்தை இழைத்து விற்ற நகரம், ஏறத்தாழ 5 கோடி டொலர் செலவில், சிரிப்பைக் காட்டி உல்லாசப் பயணிகளை ஈர்க்க முனைந்திருக்கின்றது. 2019 இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்குத் தேசிய அங்கீகாரமும் வழங்கியது. நகைப்புக்கு அரசு முத்திரை குத்துவதே ஒருவகையில் நகைப்புக்குரியதுதான். அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

நிலையத்தின் அமைப்பு நோக்குதற்குரியது. நுழைவோர் ஒவ்வொருவரும் மின்னணுச் சில்லு பொருத்திய கைப்பட்டியொன்றைப் பெறுவர். தாம் விரும்பும் நகைச்சுவையாளர்களையும் நிகழ்ச்சிகளையும் முதலிற் தெரிவுசெய்வர். பின்னர் காட்சிகள் அத்தெரிவுக்கேற்ப அவர்முன் மாறியமையும். பார்வையாளனின் சுவையறிந்து நடத்தல் என இதனைப் பாராட்டுவோர் உளர். எமக்கு இது வேறொன்றாகவே தோன்றுகின்றது. சோவியத் அறிஞர் மிகையில் பக்தீன், 1946 இல் ஆய்வேடாக வாதிடப்பெற்று 1965 இல் நூலுருப்பெற்ற தமது ரபெலே ஆய்வில், மத்தியகால மக்களின் விழாக்கால நகைப்பை ஆராய்ந்தார். அதில் மேடைக்கும் பார்வையாளருக்குமிடையே பிரிகோடு இல்லை, சிரிப்பவரும் சிரிப்புக்குள்ளாவர். தனிமனிதனின் எதிர்வினையன்று அந்நகைப்பு, ஊரின் நகைப்பு. கைப்பட்டியோ ஊரைத் தனிமனிதர்களாகப் பிரித்து, ஒவ்வொருவர் முன்னும் அவர் ஏற்கெனவே சிரித்ததையே மீண்டும் வைக்கின்றது. தன்னை நோக்கி எள்ளும் குரலைக் கேட்கும் வாய்ப்பை அவன் நுழைவாயிலிலேயே இழந்துவிடக்கூடும்.

இனி, இந்நிலையத்துக்குள் ஒலிவாங்கியொன்றே துணையாக மேடையில் நிற்கும் ஸ்ராண்ட் அப் நகைச்சுவையாளரொருவர் நுழைகின்றார் எனக் கொள்வோம். அவரது நிலை உல்லாசப் பயணியின் நிலையன்று. நெசவாளியொருவன் பழைய தறிகளைக் காண வந்தமை போன்றது. ஜிம் காஃபிகன் என்னும் நகைச்சுவையாளரின் ஒளியுருவம் அங்கு அரங்கொன்றில் தோன்றிப் பேசும். அவ்வுருவம் களைப்படையாது, ஊதிய உயர்வு கேளாது, அவையினர் சிரியாதபோது நாக்குழறாது. முன்னொருகால் செலவிடப்பட்ட உழைப்பு உறைந்து நின்று உயிருள்ள உழைப்பின் இடத்தைக் கொள்வது பற்றி மார்க்ஸ் கூறியவற்றை, ஆலை இயந்திரங்களைக் கொண்டு மட்டுமே விளங்கியிருந்தோர்க்கு இவ்வரங்கு புதியதோர் உதாரணமாகும். காஃபிகன் இதற்கு உடன்பட்டவரே. வாடகைக்கு மேடை தேடி அலையும் பெயரறியப்படாத இளைஞனின் உடன்பாட்டை யாரும் கேட்கப்போவதில்லை.

ஆயினும் இந்நிலையத்தை வெறும் பண்பாட்டு வணிகம் எனத் தள்ளிவிடுதல் எளிமைப்படுத்தலாகும். முற்போக்கு விமரிசனம் இத்தகைய அவசரத் தீர்ப்புகளால் இழந்தவை பல. 2008 இல் மறைந்த ஜோர்ஜ் கார்லினின் ஆவணங்களை அவர்தம் மகள் 2016 இல் இந்நிலையத்துக்கு அளித்தார். பல்லாண்டுகளாக அவர் எழுதிச்சேர்த்த துண்டுத்தாள்களும் குறிப்புகளும் அவற்றுள் அடங்குவன. நகைச்சுவை நாவில் தானாகப் பிறக்கும் வரம் என்னும் கருத்துமுதல்வாத மயக்கத்தை இத்தாள்கள் உடைக்கின்றன. ஒரு சொல்லை எடுத்து, பொருத்திப்பார்த்து, களைந்து, மீண்டும் வைத்த கையின் உழைப்பு அங்கு புலனாகின்றது. மேடையில் மறைந்துநிற்க வேண்டிய அவ்வுழைப்பை நூதனசாலைதான் வெளிக்கொணர்கின்றது. எமது நகைச்சுவையாளர் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் இதுவே.

அடுத்தது கீழ்த்தளத்திலுள்ள நீல அறை. ஆபாசமெனக் கருதப்படும் நகைச்சுவையை ஆங்கில வழக்கில் நீலம் என்பர். வயதுவந்தோர்க்கான எச்சரிக்கையுடன், தடைக்குட்பட்ட நகைச்சுவை அங்கு தனித்து வைக்கப்பட்டுள்ளது. இத்தடையின் வரலாறு மனங்கொள்ளத்தக்கது. லெனி புரூஸ் 1961 இல் சன் பிரான்சிஸ்கோவில் ஆபாசக் குற்றச்சாட்டில் கைதானார். 1962 இல் சிக்காகோவில் அவர் மீண்டும் கைதானபோது, அவையிலிருந்த இளைஞரான கார்லின் தம் அடையாளப் பத்திரத்தைப் பொலிசாரிடம் காட்ட மறுத்து அவரோடு ஒரே வண்டியில் கொண்டுசெல்லப்பட்டார். 1964 இல் நியூயோர்க் நீதிமன்றம் புரூஸைக் குற்றவாளியெனத் தீர்த்தது. மேடைகள் மூடப்பட்டுக் கடனில் மூழ்கிய அவர் 1966 இல், நாற்பது வயதில், இறந்தார். 2003 இல் மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இறந்தவனுக்கு வழங்கும் மன்னிப்பால் அரசுக்கு எச்செலவும் இல்லை. கார்லினும் தொலைக்காட்சியிற் சொல்லலாகாத ஏழு சொற்கள் பற்றிய தமது உரைக்காக 1972 இல் மில்வோக்கியிற் கைதானார். அவரது அத்தகைய உரையொன்றை 1973 இல் நியூயோர்க் வானொலி நிலையமொன்று ஒலிபரப்பியதால் எழுந்த வழக்கில், 1978 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அரசின் கட்டுப்பாட்டு உரிமையை ஏற்றது.

அச்சொற்களுக்காகவா இத்தனை வன்மம்? சமயநிறுவனம், இனவொதுக்கல், சட்டத்தின் போலித்தனம் ஆகியவற்றையே புரூஸ் எள்ளினார். அவற்றைப் பேசியதற்குத் தண்டிப்பது தாராண்மைவாத அரசுக்கு வெட்கமாயிருந்தது. ஆபாசச் சட்டம் அவ்வெட்கத்தைப் போக்கிற்று. இங்குதான் நீல அறையுடன் எமக்கு முரண்பாடு எழுகின்றது. புரூஸின் குற்றம் ‘வயதுவந்தோர்க்கான சொற்கள்’ என்னும் தலைப்பின்கீழ் வைக்கப்படும்போது, வழக்குத் தொடுத்தோரின் வகைப்பாடே நூதனசாலையின் வகைப்பாடாகவும் நிலைத்துவிடுகின்றது. அவர் விடுதலையாகின்றார், குற்றப்பத்திரத்தின் மொழி அப்படியே இருக்கின்றது. கத்தோலிக்க திருச்சபையையும் நீதிபதிகளையும் பற்றிய அவரது பேச்சுக்கள் மேற்தளத்தில், சிறுவரும் கேட்கும்படி வைக்கப்படத்தக்கவை என்பதே எமது கருத்து.

தடைசெய்யும் அரசைப் பற்றிப் பேசுவது இன்று எளிது, அவ்வழக்குகள் முடிந்துபோயின. ஊதியம் பற்றிப் பேசுவதே கடினம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கொமடி ஸ்ரோர் என்னும் அரங்கில் 1970களில் பரிமாறுவோர்க்கும் குடிவகை வார்ப்போர்க்கும் கூலி உண்டு. மக்கள் யாரைக் காண நுழைவுக்கட்டணம் செலுத்தினரோ அந்நகைச்சுவையாளர்க்குக் கூலி இல்லை. அது கலைஞர் பயிலும் கல்லூரி என்பது உரிமையாளரின் வாதம். 1979 இல் அவர்கள் ஒன்றுகூடி வேலைநிறுத்தஞ் செய்தனர். டொம் டிரீசன் முன்னின்றார். பிற்காலத்திற் தொலைக்காட்சியிற் பெரும்புகழெய்திய ஜே லெனோவும் டேவிட் லெற்றர்மனும் உடன் நின்றனர். தனித்துநின்று பேசுவதையே தொழிலாகக் கொண்டோர் வரிசையாக நின்று முழக்கமிட்டமை இக்கலையின் வரலாற்றில் அரியதொரு காட்சி. ஏறத்தாழ ஆறு கிழமைகளின் பின், ஒருமுறை மேடையேறுவதற்கு 25 டொலர் என உடன்பாடு கண்டனர். அதன்பின் சிறிது காலத்தில், போராட்டத்திற் பங்குகொண்ட ஸ்ரீவ் லுபெற்கின் அரங்கின் அயலிலிருந்த விடுதியின் கூரையிலிருந்து குதித்து உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்பில் தம் பெயரையும், முன்னர் கொமடி ஸ்ரோரில் வேலைசெய்தவர் என்பதையும் எழுதியிருந்தார். கல்லூரியில் பயின்றதாக அவர் எழுதவில்லை.

அந்த 25 டொலர் உடன்பாட்டின் தாள் எங்கேனும் எஞ்சியிருப்பின், அது ஜேம்ஸ்டவுணில் கார்லினின் துண்டுத்தாள்களுக்கு அருகே, அதே பேழையில் வைக்கத்தக்கது.